நானூற்றுப் பன்னிரண்டாவது சொல்

அக்காவின் குரல் ஒரு ஃபிரிட்ஜ் விலைக்குப் போனது. இரட்டைக் கதவு, சாம்பல் நிறம், ஐந்து வருட வாரண்டி. குரலுக்கு யாரும் வாரண்டி கேட்கவில்லை. இருபத்திரண்டு வருடமாக ஒரு நாள்கூட ரிப்பேர் ஆகாமல் ஓடிய சரக்கு அது என்பது பேருந்து நிலையத்துக்கு வந்துபோகிற அத்தனை பேருக்கும் தெரியும்.

பேரம் நடந்தது போன ஞாயிற்றுக்கிழமை, அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில். தம்பி டேபிள் ஃபேனில் ஆரம்பித்தான். அக்கா வாஷிங் மெஷினில் நின்றாள். அவன் மிக்ஸிக்கு ஏறினான். இவள் எழுந்து பாத்திரம் கழுவப் போனாள். போகிற மாதிரி போவதும், போனால் போகட்டும் என்கிற மாதிரி கூப்பிடுவதும் இருவருக்கும் நடக்கப் பழகும்போதே வந்த வித்தை. அப்பா நாற்பது வருடம் மொத்த விலைப் பாத்திரக் கடை வைத்திருந்தவர். அன்றைக்கும் மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு, மகள் இறங்காதபோது மகளைப் பார்த்தும் மகன் ஏறாதபோது மகனைப் பார்த்தும் தலையாட்டினார். இரண்டு மணி நேரத்தில் ஃபிரிட்ஜில் படிந்தது. கைகொடுத்தார்கள்.

அக்காவுக்குத் தன் தவறு மறுநாள்தான் உறைத்தது. எவ்வளவுக்கு என்பதில் அத்தனை மும்முரமாக இருந்தவள், விற்கலாமா வேண்டாமா என்று தன்னைக் கேட்டுக்கொள்ளவே இல்லை. வியாபாரி வீட்டுப் பிள்ளைகளுக்கென்றே உள்ள வியாதி இது. எதிராளி ஒரு விலை சொன்ன நிமிடமே பொருள் கைமாறிவிட்டதாக மனசு எடுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு பேசுவதெல்லாம் கௌரவத்துக்காக.

விஷயம் இதுதான். அக்கா பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். மாடியில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, எந்தப் பேருந்து எந்தத் தடத்தில் எத்தனை மணிக்கு என்று ஒலிபெருக்கியில் சொல்கிறவள். அந்த வேலையை இனி ஓர் இயந்திரம் செய்யும் என்று மேலிடம் முடிவு பண்ணிவிட்டது. முதலில் எங்கிருந்தோ ஒரு தயார்க் குரலைக் கொண்டுவந்து ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தார்கள். பயணிகள் கல்லெறியாத குறை. அக்காவின் குரல் இல்லாவிட்டால் இயந்திரமே வேண்டாம் என்று மேலிடம் இறங்கிவந்தது. இயந்திரத்தைப் பொருத்திக்கொடுக்கும் வேலை தம்பிக்கு வந்தது. மைக்கும் ஒலிபெருக்கியும் விற்கிற அவனுடைய கடைக்கு ஐந்து மாதத்தில் வந்த ஒரே வேலை.

நானூற்றுப் பன்னிரண்டு சொற்களை அக்கா ஒரே ஒரு தடவை பேசிக் கொடுத்துவிட்டால் போதும். இயந்திரம் அவற்றை வேண்டிய வரிசையில் கோத்துக்கொள்ளும். கண்ணாடி அறையில் அப்புறம் ஆள் தேவையில்லை.

அந்தக் கடைசி வாக்கியத்தின் அர்த்தத்தை நேற்று மாலை சொன்னவள் இரண்டாம் ஷிப்ட். மாலை வேலைக்கு வருகிற அறிவிப்பாளரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அக்காவுக்குத் தொலைந்த பொருள் கவுன்டரில் ஒரு நாற்காலி போட்டுவிடுவார்களாம். இரண்டாம் ஷிப்ட்டுக்கு நாற்காலி இல்லையாம். அவளுக்குப் பள்ளிக்கூடம் போகிற பெண்கள் இரண்டு பேர். முதுகு வலியோடு வீட்டில் இருக்கிற புருஷன் ஒருவர்.

"உங்க குரலை நீங்க விக்கிறீங்க. அதுல நான் என்னக்கா சொல்ல இருக்கு" என்றாள்.

அழுதிருந்தாலாவது தேவலை. சொல்லிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

இன்றைக்குச் சனிக்கிழமை. பதிவு நாள். அக்காவின் காலை வேலையை இரண்டாம் ஷிப்ட் பார்த்துக்கொள்கிறாள். மாலை வேலை அக்காவுக்கு.

காலை ஏழு மணிக்கே ஃபிரிட்ஜ் வந்து இறங்கிவிட்டது. பொருளை முந்தி அனுப்பிவிட்டால் எதிராளி பின்வாங்கமாட்டான் என்பது அப்பா கடையின் பழைய உத்தி. தம்பி அதை அப்பாவின் மகளிடமே காட்டியிருக்கிறான். இறக்கிய ஆட்கள் இருவர், சமையலறை வாசலில் வைத்து நேராகப் பார்த்தார்கள், சாய்த்துப் பார்த்தார்கள், கதவைக் கழற்றலாமா என்று கேட்டார்கள். வாசல் இரண்டு விரல்கடை குறைந்தது. கடைசியில் கூடத்திலேயே நிறுத்திவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

அது நின்ற இடம் அப்பாவின் நாற்காலிக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவே.

"செய்தி வாசிக்கிற பொண்ணுக்குப் பாதி மூஞ்சிதான் தெரியுது" என்றார் அப்பா. குறையாகச் சொல்லவில்லை. நிலவரம் சொன்னார். எண்பதை எட்டப்போகிறவர் நாற்காலியை நகர்த்துவதைவிடப் பாதி முகத்தோடு ஒத்துப்போவது சுலபம் என்று முடிவுசெய்துவிட்டார்.

அக்கா அந்தப் பாதி முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவளுக்குப் பத்து வயதில் அதுதான் ஆசை. செய்தி வாசிக்கவேண்டும்.

அப்பா ஞாயிற்றுக்கிழமைதோறும் சாப்பாட்டின்போது பிள்ளைகளைக் கேட்பார், பெரியவர்களானதும் என்ன ஆகப்போகிறீர்கள் என்று. அக்கா சோற்றில் கைவைக்குமுன் பதில் சொல்லிவிடுவாள். ஒத்திகையும் பார்த்துவைத்திருந்தாள். பாத்திரம் சுற்றிவருகிற பழைய செய்தித்தாளைக் கசங்கல் நீவி எடுத்து, கடைப் படிக்கட்டில் உட்கார்ந்து உரக்க வாசிப்பாள். மூன்று வருடத்துக்கு முந்தைய செய்தி இன்றைய செய்தியாக வரும். தோற்று வீட்டுக்குப் போன கட்சி அவள் வாயில் வாராவாரம் ஜெயிக்கும். வாடிக்கையாளர்கள் குழம்பிப்போய் இரண்டு குடம் கூடுதலாக வாங்கிப் போனதும் உண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்டு வயதுத் தம்பியும் சொன்னான். "நானும் செய்தி வாசிப்பேன்."

அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். ஒரே தெருவில் இரண்டு பேர் ஒரே சரக்குப் போட்டால் இரண்டு கடையும் படுத்துவிடும் என்றார். வீட்டுக்கும் அதே சட்டம். ஒரு கனவுக்கு ஓர் ஆள்தான். யாராவது ஒருத்தர் மற்றவரிடமிருந்து விலைக்கு வாங்கிக்கொள்ளட்டும்.

அம்மா சிரிக்கப் போனாள். அப்பாவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள். அவர் விளையாடவில்லை.

பிள்ளைகள் உட்கார்ந்து பேசினார்கள். அடுக்குக் கட்டிலில் மேல் கட்டில் தம்பியுடையது. ஜன்னல் பக்கம், காற்று வரும். கீழ்க் கட்டில் அக்காவுடையது. கனவுக்கு மேல் கட்டில் என்று தம்பி ஆரம்பிக்க, அக்கா அவனுடைய மஞ்சள் டார்ச்சையும் சேர்த்து இழுத்தாள். அவன் கண் கலங்கக் கலங்கக் கொடுத்தான். அக்கா ஜெயித்துவிட்டதாக நினைத்தாள். காற்றில்லாத ஒன்றைக் கொடுத்துவிட்டுக் காற்றை வாங்கியிருக்கிறாள், சும்மாவா.

அன்றைக்கே மேல் கட்டிலில் ஏறி, டார்ச்சை அடித்துச் செய்தித்தாளை விரித்தாள். இரண்டு வரி வாசித்திருப்பாள். கீழேயிருந்து புகார் கிளம்பியது.

"அப்பா, அக்கா என் சரக்கை எடுக்கிறா."

அப்பா வந்தார், விசாரித்தார், விற்றது விற்றதுதான் என்றார். வாசிக்கட்டும், ஆனால் சத்தம் வரக்கூடாது. அதற்குப் பிறகு அக்கா உதட்டை மட்டும் அசைத்து வாசித்தாள், டார்ச் பேட்டரி தீர்கிறவரை.

வாங்கியவனாவது வைத்து வாழ்ந்தானா? ஏழாம் வகுப்பில் பள்ளிக் காலைக் கூட்டத்தில் செய்தி வாசிக்க ஏற்றிவிட்டார்கள். முதல் வரியை வாசித்தான். அதோடு நின்றான். ஆயிரம் பேர் காத்திருந்தார்கள். அவன் தாளைப் பார்த்துக்கொண்டே நின்றான், ஆசிரியர் வந்து கையைப் பிடித்து இறக்குகிறவரை. பள்ளிக்கூடம் முடிகிறவரை அவனுக்கு 'முதல் வரி' என்றுதான் பெயர். அதற்கப்புறம் அவன் எந்த மைக் முன்னாலும் நின்றதில்லை. மற்றவர்களுக்கு முன்னால் மைக்கை நிறுத்துவதையே தொழிலாக்கிக்கொண்டான்.

அக்கா இருபத்துநான்கு வயதில், கல்யாணத்துக்குப் பிறகு, பேருந்து நிலைய வேலைக்கு எழுதிப்போட்டாள். வாங்கியவன் தொடாத சரக்கு, உரிமை கேட்டு யார் வரப்போகிறார்கள் என்ற தைரியம். எது வந்தது, எது வரவில்லை, எது எப்போது கிளம்பும் என்பதும் செய்திதானே என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். யாருக்குத்தான் கேட்டது கேட்டபடி அமைந்தது? போலீஸ் ஆக நினைத்த அவள் கணவர் சரக்குக் கப்பலில் சமையல்காரர், வருடத்தில் பத்து மாதம் தண்ணீரில். நடனக்காரி ஆக நினைத்தவள் இரண்டாம் ஷிப்ட். நிலைய மேலாளருக்குச் சின்ன வயதில் மந்திரவாதி ஆகவேண்டுமென்று ஆசையாம். அவர் ஒருவருக்கு மட்டும் ஓரளவு பலித்திருக்கிறது. காலையில் இருந்த பேருந்தை மாலையில் காணாமல் ஆக்கிவிடுகிறார்.

தம்பியின் பதிவு அறை கடைக்குப் பின்னால், முன்பு சாமான் போட்டுவைத்திருந்த இடம். சுவர் நாலும் முட்டை அட்டை ஒட்டியிருந்தான், வெளிச்சத்தம் உள்ளே வராமலிருக்க. ஃபேன் போட்டால் அதன் சத்தம் பதிவாகும் என்று அதையும் நிறுத்திவிட்டான். ஒரு மைக், ஒரு ஸ்டூல், அக்கா. சின்னக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன்.

ஒன்பது மணிக்கு ஆரம்பித்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. நூறு வரைக்கும் போய் வந்தாள். பிறகு நேரங்கள். பிறகு ஊர்ப் பெயர்கள். அவற்றில் பாதிக்கு அவள் போனதே இல்லை. ஆனால் ஒவ்வோர் ஊருக்கும் இந்த இருபத்திரண்டு வருடத்தில் ஆயிரக்கணக்கான பேரை அனுப்பிவைத்திருக்கிறாள். பிறகு வரும், புறப்படும், நிற்கும், நிற்காது. பயணிகளின் கவனத்திற்கு. முதுகில் வியர்வை வழிந்தது. பதினொரு மணிக்குத் தம்பி தேநீர் கொண்டுவந்து வைத்தான். குடித்துவிட்டுத் தொடர்ந்தாள். நூற்று அறுபதாவது சொல்லில் அவள் குரல் கம்மியது. வெந்நீர் கொடுத்தான். திரும்பவும் ஆரம்பித்தாள்.

இடையில் ஒரு தடவை கேட்டாள், இரண்டாம் ஷிப்ட்டின் சங்கதி அவனுக்கு முன்பே தெரியுமா என்று. அக்காவுக்குக் கவுன்டர் உண்டு என்பது தெரியும் என்றான். மற்றவளைப் பற்றி?

"நான் கேக்கலக்கா."

நானும்தான் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள். இரண்டு மணி நேரம் ஃபிரிட்ஜுக்குக் கதவு ஒன்றா இரண்டா என்று கேட்கத் தெரிந்தது.

இரண்டரை மணிக்கு நானூற்றுப் பதினொன்றாவது சொல்லைச் சொன்னாள். 'தடங்கலுக்கு.' அச்சடித்த மாதிரி விழுந்தது. பாக்கி ஒன்று. 'வருந்துகிறோம்.'

சொன்னாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி தலையை ஆட்டினான், இன்னொரு தடவை என்று. சொன்னாள். இன்னொரு தடவை. ஏழாவது தடவைக்குப் பிறகு அவன் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டான். பேசத் தெரியாதவன்தான், ஆனால் கேட்கத் தெரிந்தவன். காது அவனுக்குச் சொத்து.

"பொய்யா விழுதுக்கா."

அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது. காரணத்தையும் சொன்னாள், முதல் தடவையாக ஒருத்தரிடம். வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு பேருந்து ரத்தானது. அதைச் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தாள். நீலச் சட்டைக்காரர் ஒருவர் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் ஒருவரிடம் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னாள். வந்துவிட்டது. அன்றிலிருந்து அதுதான் பழக்கம். எண்களுக்கும் ஊர்களுக்கும் யாரும் வேண்டாம். இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் கீழே ஒரு முகத்தைத் தேடிப் பிடிப்பாள். அதைப் பார்த்துத்தான் சொல்வாள். முட்டை அட்டையைப் பார்த்து எப்படி வருத்தப்படுவது?

தம்பி எழுந்து உள்ளே வந்தான். இன்னொரு ஸ்டூலை இழுத்து மைக்குக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தான்.

"என்னைப் பாத்துச் சொல்லு."

பார்த்தாள். நாற்பத்துநான்கு வயது. கண்ணுக்குக் கீழே வீக்கம். இரண்டு நாள் தாடியில் பாதி வெள்ளை. ஒரே வீட்டில் வளர்ந்து, ஒரே ஊரில் குடியிருந்து, இவன் முகத்தை இவ்வளவு நேரம் பார்த்ததாக அவளுக்கு நினைவில்லை. வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. வேறு ஒன்று வந்தது.

"நீ எதுக்குடா அன்னிக்கு அதை வாங்கினே?"

"எதை?"

"தெரியாத மாதிரி கேக்காதே. மேல் கட்டிலைக் குடுத்து வாங்கினியே, அதை."

அவன் தரையில் கிடந்த வயரை எடுத்து விரலில் சுற்ற ஆரம்பித்தான். முழுதும் சுற்றி முடித்தான். அவிழ்த்தான்.

"எனக்குன்னு ஒண்ணும் தோணலக்கா. அப்பா வாராவாரம் கேப்பாரு. நீ டக்குனு சொல்லிடுவே. என் முறை வருதேன்னு எனக்குச் சோறே இறங்காது. உன்னோடது நல்லா இருந்துச்சு. அதான்."

"கேட்டிருந்தா சும்மாவே குடுத்திருப்பேனே."

"நம்ம வீட்லயா?"

அக்கா சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பு அதிக தூரம் போகவில்லை. இருவரும் களைத்திருந்தார்கள்.

பிறகு அவன் விஷயத்துக்கு வந்தான். திங்கட்கிழமை பத்து மணிக்கு மேலாளர் வருகிறார். நானூற்றுப் பன்னிரண்டும் இருந்தால்தான் கையெழுத்து. ஒன்று குறைந்தாலும் இயந்திரம் ஓடாது, ரத்து அறிவிப்பில்லாமல் அந்த நிலையத்தில் ஒரு நாளை ஓட்ட முடியாது. கையெழுத்து இல்லாவிட்டால், அடுத்த மாதம் இந்தக் கதவைத் திறப்பதில் அர்த்தமில்லை. மிரட்டலாகச் சொல்லவில்லை, கெஞ்சலாகவும் இல்லை. சரக்கிருப்பு வாசிக்கிற குரலில் சொன்னான்.

"உன் பஸ் ஸ்டாண்டு ஸ்பீக்கர்ல வர்றதைப் புடிச்சாக்கூடப் போதும். நான் சுத்தம் பண்ணிக்குவேன்" என்று, பாதி தனக்கும் பாதி அவளுக்குமாக, முடித்தான்.

அக்கா பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அவளுடைய ஒரு சொல்லுக்கு இந்தப் பக்கம் ஒரு கடை தொங்குகிறது. அந்தப் பக்கம் ஒரு நாற்காலி. சொல்லாமல் இருந்தால் தம்பி கெடுவான், சொன்னால் இரண்டாம் ஷிப்ட் கெடுவாள். இதற்குத்தான் போன ஞாயிறு அவ்வளவு கெட்டிக்காரத்தனமாகப் பேசினோமா என்றிருந்தது.

வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டுப் போக நேரமிருந்தது. அப்பா அதே நாற்காலியில், அதே பாதி முகத்துக்கு எதிரில். ஃபிரிட்ஜின் அட்டையை மட்டும் அழகாகப் பிரித்து மடித்து வைத்திருந்தார். வியாபாரி கை, சும்மா இருக்காது.

"எத்தனை முடிஞ்சது?"

"நானூத்திப் பதினொண்ணு."

"மொத்தம்?"

"நானூத்திப் பன்னெண்டு."

அப்பா முகம் சுளித்தார். ஒற்றையை நிறுத்திவைப்பது வியாபார மரியாதை இல்லை என்பது அவர் கட்சி. ஃபிரிட்ஜுக்கு மின்சாரம் கொடுக்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றாள். ஏன் என்று கேட்கவில்லை. முழுசாகக் கொடுத்துத் தீர்க்காத பொருளைத் தொடமாட்டாள் என்று எடுத்துக்கொண்டிருப்பார், தன் மகளாயிற்றே.

அக்கா நின்றுகொண்டே சாப்பிட்டாள். தட்டைக் கழுவப் போகிறபோது கேட்டாள்.

"நீங்க என்னப்பா ஆகணும்னு நினைச்சீங்க? சின்ன வயசுல?"

அப்பா தொலைக்காட்சியிலிருந்து திரும்பினார். ஏதோ புரியாத மொழியில் விலை கேட்ட வாடிக்கையாளரைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"யாரும் கேக்கலையேம்மா."

திரும்பிக்கொண்டார். பாதி முகம் வானிலை சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு அதனிடமே சொல்வதுபோலச் சொன்னார்.

"அதான் உங்க ரெண்டு பேரையும் வாராவாரம் கேட்டேன்."

ஐந்து மணிக்கு அக்கா கண்ணாடி அறைக்கு வந்தாள். இரண்டாம் ஷிப்ட் நாற்காலியை விட்டு எழுந்து, ஹெட்போனைத் துடைத்துக் கொடுத்தாள். பதிவு முடிந்ததா என்று கேட்கவில்லை. கேட்காமலிருக்க அவள் படுகிற பாடு தெரிந்தது. குடிக்கத் தண்ணீர் நிரப்பி வைத்திருப்பதாகச் சொன்னாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். போகாமல் ஏதோ காகிதத்தை அடுக்கிக்கொண்டு நின்றாள்.

ஆறே காலுக்கு மேலாளரின் சீட்டு வந்தது. நான்காம் தடத்து ஆறரை மணி வண்டி வழியில் நின்றுவிட்டது. மாற்று வண்டி இல்லை. அந்த ஊருக்கு இன்றைக்கு அதுதான் கடைசி.

அக்கா கீழே பார்த்தாள், முகம் தேடி. நான்காம் தடத்தில் முப்பது நாற்பது பேர் இருப்பார்கள். தோளில் குழந்தை தூங்க ஒரு பெண் நின்றிருந்தாள். குழந்தையின் ஒரு காலில் ஷூ இருந்தது, மற்றது அவள் கையில் இருந்தது. சரி, இவள்தான் என்று முடிவுசெய்தபோது, அந்தப் பெண்ணுக்கு நாலடி தள்ளி, ஒலிபெருக்கிக் கம்பத்துக்கு நேர் கீழே தம்பி நிற்பதைப் பார்த்தாள்.

கையைத் தூக்கிப் பிடித்திருந்தான். கையில் கறுப்பாக ஒன்று, அதன் நெற்றியில் சிவப்பாக ஒரு புள்ளி வெளிச்சம். கடையிலேயே உயர்ந்த ஒலிப்பதிவுக் கருவி அது. விற்க மனசில்லாமல் தனக்கென்று வைத்துக்கொண்டிருந்தான்.

அவனும் மேலே பார்த்தான். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. திருட வந்தவன் மாதிரியும் இல்லை. வேறு வழியில்லாமல் வரிசையில் நிற்கிறவன் மாதிரி நின்றான்.

அக்கா பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். 'ரத்து செய்யப்படுகிறது' என்பதோடு நிறுத்திவிடலாம். யாரும் கேட்கப்போவதில்லை. அந்தச் சொல் இல்லாவிட்டாலும் பேருந்து வராது, இருந்தாலும் வராது. ஆனால் இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட அவள் அப்படி நிறுத்தியதில்லை. அந்தப் பெண் நடைமேடையின் விளிம்புக்குப் போய், சாலையை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். குழந்தையின் வெறுங்காலை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

அக்கா பொத்தானை அழுத்தினாள்.

"பயணிகளின் கவனத்திற்கு." எண் சொன்னாள், நேரம் சொன்னாள், ஊர் சொன்னாள். ரத்து என்றாள். பிறகு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து, அவளிடம் மட்டும் சொன்னாள்.

"தடங்கலுக்கு வருந்துகிறோம்."

வந்துவிட்டது. பகல் முழுக்க முட்டை அட்டையில் முட்டி மோதிய சொல், தானாக வந்து விழுந்தது. அந்தப் பெண் ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தாள். குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, வெளியே போகிற வழியைப் பார்த்து நடந்தாள். அந்தச் சொல்லால் ஆகிறது அவ்வளவுதான். பின்னால் இரண்டாம் ஷிப்ட் காகிதம் அடுக்குகிற சத்தம் நின்றிருந்தது.

கீழே தம்பியின் கை இறங்கியது. கருவியைப் பார்த்தான். சிவப்புப் புள்ளி அணைந்தது. காதில் வைத்து ஏதோ கேட்டான். ஒரு தடவை. இன்னொரு தடவை. கம்பத்தில் சாய்ந்துகொண்டான். பிறகு கட்டைவிரலால் கருவியில் எதையோ அழுத்தினான். அழுத்திய விரலை உடனே எடுக்கவில்லை.

அக்காவின் போன் அடித்தது.

"பஸ் சத்தத்துல சரியா விழலக்கா" என்றான்.

அக்கா கண்ணாடி வழியாகப் பார்த்தாள். நான்காம் தடம் காலியாகக் கிடந்தது. மூன்றிலும் ஐந்திலும்கூட வண்டி இல்லை. நான்கில் இருந்திருந்தால் அறிவிப்பு எதற்கு?

"ஆமாடா. ஒரே சத்தம்" என்றாள்.

இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. அவன் மூச்சு கேட்டது. இவள் மூச்சும் அவனுக்குக் கேட்டிருக்கும். அவன் காது அப்படிப்பட்டது.

"திங்கட்கிழமை அந்த மனுஷன்கிட்ட என்னடா சொல்லப்போறே?"

"முதல் வரி சொல்லுவேன். அப்புறம் நின்னுடுவேன்."

 அதற்குள் ஏழு மணி வண்டிகளின் சீட்டு வந்துவிட்டது. கடையைப் பற்றி அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கம்பத்தடியில் அவன் கருவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, எந்த வண்டிக்கும் காத்திராதவனாக நடந்து போனான். அக்கா அவன் முதுகு மறைகிறவரை பார்த்துவிட்டு, தண்ணீர் குடித்தாள், சீட்டைப் பிரித்தாள்.

வாங்கியது: ஃபிரிட்ஜ் ஒன்று, சமையலறை வாசலுக்குள் போகாதது, இன்னும் மின்சாரம் காட்டாதது. கொடுத்தது: சொல் நானூற்றுப் பதினொன்று. பாக்கி: ஒன்று.